மொட்டைச்சியின் கன்று

கன்றின் வலத்தொடையில் ரூபன் சுட்ட குறி இன்னும் ஆறவில்லை. புண்ணில் இலையான்கள் மொய்த்தன. பள்ளிக்கூட வேம்பில் கட்டியிருந்த அதைக் கமலாசனி திரும்பத் திரும்பப் பார்த்தாள். தன் வளவில் பிறந்த கன்றின் மேல் இன்னொருவன் எழுத்து.

சனிக்கிழமை. மத்தியஸ்த சபை ஒரு வகுப்பறையில் கூடியிருந்தது. தாய்ப்பசு இருந்திருந்தால் இவ்வளவு தூரம் வந்திராது. அவிழ்த்துவிட்டால் கன்று தாயிடம் ஓடும், வழக்கு முடியும். ஆனால் மொட்டைச்சி பாம்பு கடித்துச் செத்து நாலு மாதம். மிஞ்சியது இந்தப் பெண் கன்று மட்டும். அதுவும் அக்கராயன் குளக்கட்டில் மேய்ந்தபோது காணாமல் போய், ரூபனின் பட்டிக்குள் நின்றது. கேட்கப் போனவளைப் பைத்தியம் என்று பொலிசில் சொன்னவன் அவன்.

"எண்பது மாடு வைச்சிருக்கிறன். இவவின்ட ஒத்தைக் கண்டு எனக்கென்னத்துக்கு?" ரூபன் கதிரையில் சாய்ந்து சிரித்தான்.

சபைத் தலைவர் ஏரம்பு, ஓய்வுபெற்ற தபாலதிபர், கண்ணாடியைத் துடைத்தார். "பிள்ளை, சாட்சி ஏதும் இருக்கோ?"

"அதின்ட தலையைப் பாருங்கோ ஐயா. கொம்பு முளைக்கிற இடத்திலை ஒண்டுமில்லை. என்ட மொட்டைச்சிக்கும் கொம்பில்லை. ஊருக்கே தெரியும்."

"சாயல் ஒரு சாட்சியோ?" என்றார் ஏரம்பு. " எனக்கும் மனிசிக்கும் கறுத்தக் கண். மூத்தவனுக்குப் பூனைக்கண். அதுக்காக நான் பொலிசுக்குப் போனனானோ?"

வகுப்பறை சிரித்தது. கமலாசனி சிரிக்கவில்லை. ரூபன் பக்கம் திரும்பினாள்.

"ரூபண்ணை, இந்தக் கண்டின்ட தாய் ஆர்?"

"என்ட சிவலை."

"கொம்பிருக்கோ?"

"இந்தா, இவ்வளவு." முழங்கையைத் தொட்டுக் காட்டினான்.

"தகப்பன்?"

"வேறை ஆர், என்ட நாம்பன்தான். வாசல்லை நிக்கிற மாங்குளத்து ஆக்கள் அவன்ட கண்டுகளை வாங்கத்தான் வந்திருக்கினம். முள்ளுக்கம்பி அடிச்ச பட்டி. வேறை நாம்பன் கிட்டவும் வரேலாது."

"அவனுக்கும் கொம்பு?"

"கொம்பில்லாமல் ஒரு நாம்பனோ?"

"ஐயா, இவ்வளவத்தையும் எழுதுங்கோ. அவர் கையெழுத்து வைக்கட்டும்."

ரூபன் பெருமையாகவே வைத்தான். அங்கேதான் மாட்டினான்.

கமலாசனி எழுந்து கரும்பலகைக்குப் போனாள். உயர்தரத்தில் உயிரியல் படித்தவள். சோதினை எழுத வேண்டிய வருடத்தில் அவளுக்குக் கிடைத்தது பதுங்குகுழி. பதினேழு வருடம் கழித்து இன்றுதான் விடை எழுத வெண்கட்டி எடுத்தாள்.

"ஒவ்வொரு குணத்துக்கும் ரெண்டு பங்கு ஐயா. தாயிட்டை ஒண்டு, தகப்பனிட்டை ஒண்டு. பூனைக்கண் ஒளிச்சிருக்கிற குணம். உங்களிட்டையும் அம்மாவிட்டையும் ஒவ்வொரு பங்கு மறைஞ்சு கிடந்தது, மகனிலை ரெண்டும் சேர்ந்து வெளியிலை வந்திட்டுது. மாட்டிலை அப்பிடி ஒளிக்கிறது கொம்பு. மொட்டை ஒளிக்காது. மொட்டைப் பங்கு ஒண்டு வந்தாலே காணும், கொம்பு முளைக்காது. அப்ப, கொம்பு முளைச்ச மாட்டுக்குள்ளை மொட்டைப் பங்கு இல்லை. இல்லாததைக் கண்டுக்கு எப்பிடிக் குடுக்கிறது?"

நாலு பெட்டி கீறினாள். சிவலை, நாம்பன். நாலு பெட்டியிலும் கொம்பு. பக்கத்தில் இன்னும் நாலு. "மொட்டைச்சியின்ட முதல் கண்டுக்குக் கொம்பு வந்தது. அப்ப அவளிட்டை ரெண்டு பங்கும் இருந்தது. கொம்பு நாம்பனோடை சேர்ந்தால் பாதிக்குப் பாதி மொட்டை."

சிரிப்பு நின்றிருந்தது.

"கொம்பு வரக்கூடாதெண்டு குருத்தை நான்தான் சுட்டனான்," என்றான் ரூபன் அவசரமாக.

"தழும்பெங்கை? தொடையிலை சுட்டது தெரியுதெல்லோ."

ஏரம்பு வெளியே போய்க் கன்றின் தலையைத் தடவினார். மயிர் ஒழுங்காக இருந்தது. திரும்பி வந்தவர் ரூபனின் முகத்தைப் பார்க்கவில்லை.

"அப்ப... ஏதும் மொட்டை நாம்பன் கம்பிக்குள்ளாலை பூந்திருக்கும்," என்றான் ரூபன்.

"நல்லது. அதையும் எழுதிச் சத்தமாய் வாசியுங்கோ ஐயா. வாசலுக்குக் கேக்கட்டும்."

ஜன்னலில் ஏற்கெனவே தலைகள். மாங்குளத்துக்காரர் ஒருவர் மெல்லக் கேட்டார்: "தம்பி, அப்ப எங்களுக்குத் தாறது எந்த நாம்பன்ட கண்டுகள்?"

ரூபன் கதிரையை விட்டு எழுந்தான். கன்றை வைத்திருந்தால் நாம்பனின் பெயர் போகும். நாம்பனின் பெயரைக் காப்பாற்றினால் அவன் கள்ளன்.

"சரி, கொண்டு போகட்டும். ஒரு கண்டாலை நான் குறைஞ்சு போகன்."

ஏரம்புவுக்குப் பெரிய நிம்மதி. "சுமுகமாய் முடிஞ்சுது. பிள்ளை, கையெழுத்தை வைச்சிட்டு ரூபனுக்கு ஒரு நன்றி சொல்லும். விட்டுக்குடுத்திருக்கிறாரெல்லோ."

"விட்டுக்குடுத்தவரோ?" கமலாசனி வெண்கட்டியை மேசையில் வைத்தாள். "என்ட கண்டைக் களவெடுத்து, சூடும் வைச்சு, என்னைப் பைத்தியம் எண்டும் சொன்ன ஆளுக்கு நான் நன்றி சொல்லோணுமோ? களவெண்டு எழுதுங்கோ."

"அப்பிடி எழுத இந்தப் படிவத்திலை இடமில்லைப் பிள்ளை."

'இரு தரப்பினரும் விருப்புடன் இணங்கி' என்று அச்சடித்திருந்தது. கமலாசனி பேனையை வாங்கி 'விருப்புடன்' என்பதைக் கடதாசி கிழியுமட்டும் வெட்டினாள். பிறகு கையெழுத்து வைத்தாள்.

கன்றை அவிழ்த்து இலையான்களைக் கலைத்தாள். வீட்டுக்கு வாய்க்கால் வழி கிட்ட. அவள் அந்தப் பக்கம் திரும்பவேயில்லை. கொம்பில்லாத தலையும் ரூபன் சுட்ட தொடையும் ஊருக்கே தெரியக் கடைத்தெருவால் கன்றை நடத்திப் போனாள்.