விட்ட பிறகு வந்த ரத்தம்

என்ஸியோ ஹகோலா சிகரெட்டை விட்டதற்கு உடம்பு காரணமில்லை, குளிர்தான் காரணம். காகித மில்லின் பின்புறம், சுருள் வெட்டும் கூடத்தை ஒட்டியிருந்த தகரக் கொட்டகையில்தான் அவரும் அதே இயந்திரத்தில் கூட வேலை செய்த தாய்ஸ்தோவும் இருபத்தெட்டு வருஷமாகப் புகைத்து வந்தார்கள். அந்த ஜனவரியில் நிர்வாகம் கொட்டகையைப் பிரித்துப் போட்டது. இனிப் புகைப்பவர்கள் மில் வாயிலுக்கு வெளியே போய்க்கொள்ளலாம் என்று ஒரு தாளும் ஒட்டினார்கள். வாயில் அரைக் கிலோமீட்டர் தள்ளி இருந்தது. வெளியே பூஜ்யத்துக்குக் கீழே இருபத்தாறு டிகிரி.

இரண்டு நாள் என்ஸியோவும் கூடப் போனார். மூன்றாம் நாள் பாதி வழியில் மூக்குக்குள் மயிர் உறைந்து முள்ளாகக் குத்தியதும் நின்றுவிட்டார்.

"நீ போடா. எனக்கு வேண்டாம்."

"எத்தன நாளைக்குன்னு பாக்கறேன்," என்றார் தாய்ஸ்தோ, தொப்பியைக் காது வரை இழுத்துக்கொண்டு.

நாள் வாரமாயிற்று. என்ஸியோவுக்கே ஆச்சரியம். கைகள் பரபரத்தன, தூக்கம் கெட்டது, ஆனாலும் வாயில் வரை நடக்கும் எண்ணம் வந்தாலே உடம்பு விறைத்தது.

மூன்றாவது வாரம் ஒரு காலையில் வறட்டு ரை தானிய ரொட்டியை வெண்ணெய் தடவிக் கடித்தார். கடித்த இடத்தில் வெண்ணெய் சிவந்திருந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டோம் என்று நினைத்தார். மறுநாள் பல் துலக்கியபோது தொட்டியில் துப்பிய நுரை ரோஜா நிறம். அதற்கடுத்த நாள் தலையணை உறையில் ஒரு கறை. கண்ணாடி முன் நின்று உதட்டைத் தூக்கிப் பார்த்தார். முன்பெல்லாம் வெளிறிக் கெட்டியாக இருந்த ஈறு இப்போது பழுத்த காட்டுப் பழம் மாதிரி சிவந்து தளதளத்தது.

இதுதான் அவருக்குப் பிடிபடவில்லை. ஏனென்றால் அக்டோபரில்தான் அவருடைய வாயைப் பரிசோதித்திருந்தார்கள். பல்கலைக்கழகத்திலிருந்து இரண்டு பெண்கள் வந்து, கேண்டீன் பக்கத்து அறையில் விளக்கு மாட்டி, மில்லில் வேலை செய்த நானூறு பேரையும் ஒவ்வொருவராக உட்கார வைத்துப் பார்த்தார்கள். புகைப்பவர்கள், புகைக்காதவர்கள், ஈறு, ரத்தச் சர்க்கரை, எல்லாவற்றையும் சேர்த்து ஏதோ ஆய்வு. ஒருத்தி மெல்லிய கம்பியைப் பல்லுக்கும் ஈறுக்கும் நடுவில் விட்டு எண்களைச் சொல்ல, இன்னொருத்தி எழுதிக்கொண்டே வந்தாள். "ஆறு, ஏழு, ஆறு. ரத்தமில்ல." என்ஸியோவின் காதில் விழுந்தது கடைசிச் சொல் மட்டும்தான். தாய்ஸ்தோவுக்கும் ரத்தமில்லை. வாழ்நாளில் ஒரு சிகரெட்டைத் தொட்டிராத கிடங்கில் வேலை செய்யும் அவுனே என்ற பெண்ணுக்குத்தான் ரெண்டு இடத்தில் ரத்தம் கசிந்தது.

"பால் குடிக்கிற வாய் ரத்தம் கக்குது, புகை குடிக்கிற வாய் சுத்தமா இருக்கு," என்று தாய்ஸ்தோ அவளை ஒரு வாரம் கிண்டலடித்தார். என்ஸியோவும் கூடச் சிரித்தார்.

இப்போது அவர் வாயில் ரத்தம் வருவதைக் கேட்ட தாய்ஸ்தோ கொஞ்சமும் அசரவில்லை.

"படகுக்குத் தார் எதுக்குப் பூசறோம்? ஒழுகக் கூடாதுன்னுதானே? உன் படகுல இருவத்தெட்டு வருஷத் தார் இருந்துச்சு. சுரண்டி எடுத்துட்ட. ஒழுகுது."

வேடிக்கைப் பேச்சுதான். ஆனால் என்ஸியோ அன்று மாலை வரை அதையே நினைத்துக்கொண்டிருந்தார். அதைவிட நல்ல விளக்கம் அவரிடமும் இல்லை.

மார்ச்சில் மில் மருத்துவ அறையில் வருடாந்தரப் பரிசோதனை. நர்ஸ் ஒய்லி எடை பார்த்தாள். ஆறு கிலோ ஏறியிருந்தது. மூன்று நாள் கழித்து ரத்தப் பரிசோதனைத் தாளோடு கூப்பிட்டாள்.

"சர்க்கரை எல்லையைத் தாண்டிடுச்சு, என்ஸியோ. கொஞ்சம்தான். ஆனா தாண்டிடுச்சு."

"போன வருஷம்?"

"எல்லைக்குக் கிட்ட. ஆனா உள்ளதான் இருந்துச்சு."

"போன வருஷம் நான் ஒரு நாளைக்கு ஒரு பாக்கெட் பிடிச்சேன்," என்றார் என்ஸியோ நிதானமாக. "இப்ப ஒண்ணுகூட இல்ல. வாயில ரத்தம், வயித்துல தொப்பை, உடம்புல சர்க்கரை. விட்டா நல்லதுன்னு பத்து வருஷமா நீங்கதானே சொன்னீங்க?"

ஒய்லி பேனாவைக் கீழே வைத்தாள். "நல்லதுதான். விட்டதும் பல பேருக்கு எடை ஏறும், எடை ஏறினா சர்க்கரையும் ஏறும். அப்புறம் அந்த ஈறு. ஈறுல புண் இருந்தா சர்க்கரை கட்டுப்படாது. சர்க்கரை கட்டுப்படலன்னா ஈறு ஆறாது."

"அப்ப எது முதல்ல வந்துச்சு?"

"அது எனக்குத் தெரியல. பல் டாக்டரைப் பாருங்க."

வெளியே வந்தவர் யோசித்துக்கொண்டே நடந்தார். ஈறைக் கேட்டால் சர்க்கரையைக் கைகாட்டுகிறது. சர்க்கரையைக் கேட்டால் தொப்பையைக் கைகாட்டுகிறது. தொப்பையைக் கேட்டால் விட்ட சிகரெட்டை. மில்லில் தாள் அறுந்தால் எந்த உருளையில் அறுந்தது என்று ஐந்து நிமிஷத்தில் சொல்லிவிடுகிற மனுஷன் அவர். தன் உடம்பு எங்கே அறுந்தது என்று தெரியவில்லை.

கடைசியில் அவர் தானே ஒரு பரிசோதனை செய்தார். ஒரு பாக்கெட் வாங்கி வந்து, வீட்டு விறகுக் கொட்டகைக்குப் பின்னால் நின்று, ஒரு நாளைக்கு ரெண்டு என்று பிடிக்க ஆரம்பித்தார். புகைக்கு ஈறு அடங்கினால் தாய்ஸ்தோ சொன்னது சரி. நாலு நாள் ஆயிற்று. தலை சுற்றியது, இருமல் வந்தது, ரத்தம் நிற்கவில்லை. தாய்ஸ்தோவின் விளக்கம் பொய்த்துவிட்டது, ஒய்லியிடமோ விளக்கமே இல்லை. யாரை நம்புவது?

ஐந்தாம் நாள் மனைவி ரைலி விறகுக் கூடையோடு கொட்டகைக்குப் பின்னால் வந்து நின்றாள்.

"என்ன ஆராய்ச்சி நடக்குது இங்க?"

என்ஸியோ மறைக்கவில்லை. எல்லாவற்றையும் சொன்னார். ரைலி கேட்டுவிட்டு உள்ளே போய், ஃபிரிட்ஜ் கதவில் காந்தத்தில் மாட்டியிருந்த ஒரு கடிதத்தை எடுத்து வந்தாள். நவம்பரில் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது. என்ஸியோ உறையைக் கிழித்ததோடு சரி.

"அவங்க எழுதினதைப் படிச்சியா?"

"ரத்தமில்லன்னு அங்கயே சொன்னாங்களே."

"படி."

பனியில் நின்றபடியே படித்தார். கீழ் வரிசையில் பதினோரு பற்களைச் சுற்றி ஈறு பல்லை விட்டு விலகிக் குழி விழுந்திருக்கிறது. குழிகளின் ஆழம் ஆறு, ஏழு மில்லிமீட்டர். மூன்றுக்கு மேல் இருந்தால் நோய். தாமதமின்றிச் சிகிச்சை தேவை. அக்டோபரில் அவர் வாயைப் பார்த்த நாளுக்குச் சரியாக ஒரு மாதம் கழித்துத் தேதியிட்டிருந்தது. அன்று அவர் ஒரு நாளைக்கு ஒரு பாக்கெட் பிடித்துக்கொண்டிருந்தார்.

நகரச் சுகாதார நிலையத்தில் பல் டாக்டர் லும்மே உயரமான, அவசரப்படாத பெண். வாயைப் பார்த்தாள், படம் எடுத்தாள், நாற்காலியை நிமிர்த்தினாள்.

"புகை ஈறுல இருக்கிற சின்ன ரத்தக் குழாய்களைச் சுருக்கிடும். உள்ள புண்ணு இருக்கும், எலும்பு கரையும், வெளிய ஒரு சொட்டு ரத்தம் வராது. நீங்க விட்டதும் குழாய் திறந்துடுச்சு. இது புதுசா வந்த நோய் இல்ல. இத்தன வருஷம் அதோட வாயைப் பொத்தி வச்சிருந்தீங்க, இப்பத்தான் கத்துது."

"நாலு நாள், தினம் ரெண்டுன்னு திரும்பப் பிடிச்சுப் பாத்தேன். நிக்கலயே?"

"பிடிச்சீங்களா?" லும்மே அவரை ஒரு கணம் பார்த்தாள். "நாலு நாளு ரெண்டு சிகரெட்டுல நிக்காது. மாசக் கணக்குல பிடிச்சிருந்தா நின்னிருக்கும். நின்னதை நல்லதுன்னு நெனச்சிருப்பீங்க."

"அப்ப ரத்தம் வர்றது நல்லதா?"

"நல்லதில்ல. வராம இருந்தது அதைவிட மோசம்."

என்ஸியோ இதைப் பேருந்தில் வீடு வரை யோசித்தார். ஒரு பக்கம் புரிந்தது. மறுபக்கம் பார்த்தால் மறுபடி குழம்பியது.

சிகரெட்டை மறுபடி தொடவில்லை; நாலு முறை போய்க் குழிகளைச் சுத்தம் செய்துகொண்டார். ஒரு கடைவாய்ப் பல்லைப் பிடுங்க வேண்டியதாயிற்று. ரைலி காலையில் ஓட்ஸ் கஞ்சியைத் தவிர வேறெதையும் மேசையில் வைக்கவில்லை. பனி இளகியதும் அவர் மில்லுக்கு நடந்தே போய் வந்தார். ஜூனில் சர்க்கரை எல்லைக்குள் இறங்கியிருந்தது. எடை குறைந்ததால்தான் என்றாள் ஒய்லி. கஞ்சி என்றாள் ரைலி. ஈறு ஆறியதும் ஒரு காரணமாக இருக்கலாம் என்றாள் லும்மே.

"இருக்கலாமா, இருக்கா?" என்று என்ஸியோ விடாமல் கேட்டார்.

"ஒரு ஆளை வச்சு அதைச் சொல்ல முடியாது. அதுக்குத்தான் நானூறு பேர் வாயைப் பாத்தாங்க."

அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. ரத்தம் முழுதாக நின்றிருந்தது, அது போதும்.

ஜூன் கடைசியில் ஒரு மத்தியானம் தாய்ஸ்தோ கேண்டீனில் சாசேஜைக் கத்தியால் சின்னச் சின்னத் துண்டாக வெட்டுவதை என்ஸியோ கவனித்தார். எப்போதும் கடித்துத் தின்கிற ஆள் தாய்ஸ்தோ.

"பல்லு வலிக்குதா?"

"வலியும் இல்ல, ரத்தமும் இல்ல. உன்னை மாதிரி நான் ஒழுகற படகா?"

"காட்டு."

"தள்ளிப் போடா."

"காட்டுடா."

தாய்ஸ்தோ சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு வாயைத் திறந்தார். என்ஸியோ கீழ் முன்பல்லைக் கட்டை விரலால் அழுத்தினார். சேற்றில் நட்ட குச்சி மாதிரி அது ஆடியது. தாய்ஸ்தோவின் கண்கள் மாறின. ஆடுவது அவருக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். இன்னொருவருக்குத் தெரிந்ததுதான் புதிது.

"விட்டா எனக்கும் ரத்தம் வருமா?"

"வரும்."

"சர்க்கரை?"

"ஏறலாம். ஏறாமலும் இருக்கலாம்."

"அப்புறம் என்ன எழவுக்கு விடணும்?"

லும்மே சொன்னதை என்ஸியோவுக்கு அவள் சொன்ன மாதிரி சொல்ல வரவில்லை. சொன்னால் தாய்ஸ்தோ தாரையும் படகையும் இழுத்துக்கொண்டு வருவார்.

"எனக்கே முழுசாப் புரியலடா. செவ்வாய்க்கிழமை டாக்டர்கிட்ட எனக்கு நேரம் இருக்கு. அதை நீ எடுத்துக்க. நான் கூட வரேன்."

தாய்ஸ்தோ வந்தார். அந்தப் பல்லைக் காப்பாற்ற முடியவில்லை. பக்கத்தில் இருந்த இரண்டையும் காப்பாற்றலாம் என்றாள் லும்மே. காயம் ஆறும் வரை புகைக்கக் கூடாது என்பதால் ஒரு வாரம் நிறுத்தினார், பிறகு மறுபடி ஆரம்பித்தார், செப்டம்பரில் யாரிடமும் சொல்லாமல் விட்டார். அது என்ஸியோவுக்குத் தெரிந்ததே ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலைத் தொலைபேசியில்தான்.

"வருதுடா," என்றது அந்தப் பக்கக் குரல். முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தும் பயந்திருந்தது.

"வரட்டும்."

"எத்தன நாளைக்கு?"

"எனக்கு நாலு மாசம். உனக்கு எவ்வளவுன்னு தெரியாது. நாளைக்குக் காலைல டாக்டருக்கு ஃபோன் பண்ணு."

"நீ பண்ணேன்," என்றார் தாய்ஸ்தோ.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு என்ஸியோவே பண்ணினார்.