மஞ்சள் ரப்பர்

எங்கள் ஊர் புக்கிட் செந்தோசாவில் காலை நாசி லெமாக் என்றால் அம்சவள்ளியின் மேசைதான். தேங்காய்ப்பால் சோற்றோடு கோழி வைத்த பொட்டலத்துக்குச் சிவப்பு ரப்பர் வளையம், முட்டை வைத்ததற்கு மஞ்சள். பிரித்துப் பார்க்காமலே எடுத்துக்கொண்டு ராவாங் டவுனுக்கு வேலைக்கு ஓடலாம். குடும்பமே அந்த மேசையை நம்பித்தான். கணவன் சோமு சிவப்புக் கட்சியின் கிளைத் தலைவர். பதவி உண்டு, சம்பளம் கிடையாது. பக்கத்து வீடு, மெல்லிய சுவர், எனக்கு எல்லாம் தெரியும்.

இடைத்தேர்தலில் சிவப்புக் கட்சியும் மஞ்சள் கட்சியும் மோதிக்கொண்டிருந்த வாரம், கோழி லோரி வரவில்லை. மேசை முழுக்க முட்டை. முழுக்க மஞ்சள்.

சிவப்புச் சட்டை உமாபதி மோட்டார் சைக்கிளை நிறுத்தினான். "என்னக்கா, கடையைக் கட்சி ஆபீஸா ஆக்கிட்டீங்களா?"

"கோழி வரலடா. முட்டை தின்னா ஓட்டு மாறிடுமா?"

"யாவாரம் செய்றவங்க பக்கம் காட்டக்கூடாது லா."

வரிசையில் இரண்டு மூன்று பேர் நழுவினார்கள். நானும் போயிருக்கலாம், இந்த மாதிரி நேரத்தில் எனக்குக் கால் நகராது.

மேசைக்குப் பக்கத்தில் நின்ற சோமு நிலைமையைச் சமாளிக்கச் சிரித்தார். "அட, என் பொண்டாட்டி ஓட்டு நமக்குத்தாம்பா!"

அம்சவள்ளி கையிலிருந்த பொட்டலத்தைக் கீழே வைத்தாள். "யாரு சொன்னா? நான் மஞ்சளுக்குத்தான் போடுவேன். போன தடவையும் அதுக்குத்தான் போட்டேன்."

ஐயோ! அவள் சர்க்கரை அளவுவரை தெரிந்த எனக்கு இது தெரியாமல் போயிற்றே! உமாபதி ஹெல்மெட்டை முன்பின் மாற்றி மாட்டினான். சோமுவுக்கு முகத்தில் ரத்தமே இல்லை.

"அம்சா... கடையில வச்சு இதையெல்லாம் பேசலாமா?"

"நான் சும்மாதான இருந்தேன்? என் ஓட்ட நீங்கதான கடையில வச்சு வித்தீங்க!"

மறுநாள் சிவப்புச் சட்டை ஒன்றுகூட வரவில்லை. மஞ்சள்காரர்கள் மேசைக்கு மேல் விரித்திருந்த குடையின் கம்பில் கட்டக் கொடியோடு வந்தார்கள்.

"ஓட்டுதான் உங்களுக்கு. குடை எனக்கு," என்றாள் அம்சவள்ளி. அவர்களும் முகத்தைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

பாதிக்கு மேல் மிச்சம். சோமு பொட்டலங்களைக் கூடையில் அடுக்கி மோட்டாரில் கட்டினார்.

"எங்கண்ணே?" என்றேன். கேட்காமல் எப்படி இருப்பது?

"எங்க கட்சி ஆபீஸுக்கு. வித்துட்டு வரேன்."

"யாரு சமைச்சதுன்னு கேட்டா?"

"என் பொண்டாட்டின்னுதான் சொல்லணும். வேற என்னத்தச் சொல்ல?"

மத்தியானம் திரும்பி வந்தார். கூடை காலி. கிளைத் தலைவர் பதவியும் காலியாம். திறந்த வாயை நான் இன்னும் மூடவில்லை.