முட்டைக்கோஸ் பீப்பாயில் ஒரு புனிதர்

மொஹோஷ் ஊரின் இடிந்த கோயிலுக்குத் திருவிழா கிடையாது. எந்தப் புனிதருக்குக் கட்டினார்கள் என்பதே மறந்துபோன பிறகு எந்தத் தேதியில் கொண்டாடுவது? துருக்கியர் எரித்தது கூரையை மட்டும்தான். சுவர்களை முந்நூறு வருஷமாகக் கொஞ்சம் கொஞ்சமாக விழுங்கியது ஊர்க்காரர்கள். அந்தக் கோயில் கல் இல்லாத பன்றிப்பட்டியே அங்கே இல்லை.

அந்தத் தைரியத்தில்தான் பிரோஷ்கா வாயை விட்டாள். தேனீ வளர்க்கும் அம்புருஷ் பெண் கேட்டு வந்தபோது, "நம்ம கோயில் திருவிழா அன்னிக்குக் கட்டிக்கறேன், போய்யா" என்றாள். அத்தைக்கு மீசை முளைத்தால் சித்தப்பா என்கிற கணக்குதான். விதவையாகி நாலு வருஷம் நிம்மதியாக இருந்தவள், அதைக் கெடுத்துக்கொள்ள விரும்பவில்லை.

அந்த மனுஷனோ கோயிலின் சரித்திரத்தைத் தேடக் கிளம்பிவிட்டான். வீடு வீடாகப் போய், பன்றிகளை விலக்கிவிட்டுச் சுவர்களைத் தடவினான். ஒரு கல்லில் சாவி தெரிந்தது. சொர்க்கத்துச் சாவிக்காரர் பேதுருதான் என்று ஊரே குதித்தது. கழுவிப் பார்த்தால் தாழ்ப்பாள் உரசிய தழும்பு. இன்னொரு வீட்டில் சக்கரம் கிடைத்தது. சக்கரத்தோடு நிற்கும் புனிதை கத்தரீனம்மாள்தான் என்று மணியடிக்க ஓடினார்கள். அது மாவரைக்கும் கல். போகுமிடமெல்லாம் ஒரு கொழுத்த வாத்து அவன் பின்னாலேயே போயிற்று.

அசல் கல் பிரோஷ்காவின் நிலவறையில் இருந்தது. பீப்பாயில் உப்பிட்டு ஊறும் முட்டைக்கோஸை அழுத்தும் பாரம் அதுதான். குதிரைமேல் ஒருவன் தன் போர்வையை வாளால் இரண்டாக வெட்டும் உருவம்; சின்னப் பிள்ளைகூடப் பார்த்ததும் புனித மார்ட்டின் என்று சொல்லிவிடும். அவன் தேடக் கிளம்பிய அன்றே அதைக் குப்புறக் கவிழ்த்து வைத்தாள்.

வம்பு என்னவென்றால், அடுத்த வருஷமே அவளுக்கு அவனைப் பிடித்துப்போயிற்று. நன்றாகவே பிடித்துப்போயிற்று. ஆனால் சொன்ன சொல்லை எப்படித் திரும்ப வாங்குவது? சனிக்கிழமைதோறும் சாப்பிடக் கூப்பிட்டு, கல்லைத் தூக்கித் தரச் சொன்னாள். அவன் அலுங்காமல் தூக்குவான், அலுங்காமல் வைப்பான், ஒரு தடவைகூடப் புரட்ட மாட்டான். இப்படி ஒரு மண்டூகமா என்று பல்லைக் கடித்துக்கொண்டு பரிமாறுவாள்.

மூன்றாம் வருஷம் நவம்பரில், தேடலை விட்டுவிட்டு, பேச் நகரத்தில் இருக்கும் அக்காள் வீட்டோடு போய்விடப் போவதாக அவன் சொன்னான். மானமாவது மண்ணாவது என்று பிரோஷ்கா நிலவறைக்கு ஓடினாள். உப்புநீர் சொட்டச் சொட்டக் கல்லைத் தூக்கி வந்து, உருவம் மேலே தெரியும்படி அவன் தட்டின்மேலேயே போட்டாள். தட்டு இரண்டாகியது.

"மார்ட்டின்யா. நாளன்னிக்குத் திருவிழா."

"தெரியும். மொத வருஷம் உன் நிலவறையத் தேடினப்பவே அடியில தடவிப் பாத்துட்டேன்."

அவன் தட்டுத் துண்டுகளை ஓரமாகத் தள்ளினான்.

"கவுத்து வச்சது உன் கை. அதுவே திருப்பட்டும்னு இருந்தேன். அக்கா வீடெல்லாம் சும்மா. மார்ட்டினுக்கு வாத்து வறுக்கணும்ல, அதுக்குத்தான் இதையும் மூணு வருஷமா வளக்கறேன்."

"அப்ப வாரா வாரம் என் முட்டைக்கோஸத் தின்னுட்டுச் சும்மாவா இருந்தே?"

"எனக்கு முட்டைக்கோஸே ஆகாது, பிரோஷ்கா."

அவள் சிரித்த சிரிப்பில் தரையில் உட்கார வேண்டியதாயிற்று.

கூரையில்லாத கோயிலில் கல்யாணம் நடந்தது. பெண்ணுக்கு முன்னால் வாத்து நடந்தது. அதை வெட்ட யாருக்கும் மனம் வராததால், விருந்துக்கு முட்டைக்கோஸ்தான். மாப்பிள்ளை இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டான்.