துடைத்த கதிரை

ஹோலின் பெரிய கதிரையில், தேத்தண்ணி ஊற்றிய வெள்ளிப் பேணியை இரண்டு கைகளாலும் பிடித்தபடி இருப்பவன் தன் மகன் என்பதைத் தவமலர் பக்க யன்னலால் கண்டாள். கையிலிருந்த ஈரத்துணி நழுவிக் காலில் விழுந்தது.

புத்தூரில் இந்த வீட்டுக்கு அவள் வேலைக்கு வரத் தொடங்கியபோது நிருஷன் சின்னப் பெடியன். பின்படலையில் நின்று அம்மாவைக் கூப்பிடுவான். வீட்டார் யாரும் அவன் முகத்தை நிமிர்ந்து பார்த்ததில்லை. இன்று வேட்டி சட்டையும் திருநீறுமாக வந்தவனை வீட்டுக்காரர் சிவசுப்பிரமணியம் கைப்பிடித்து உள்ளே கூட்டிவந்து இருத்தியிருந்தார். புரோக்கர் அனுப்பிய படத்தில், மகளைப் பெண் பார்க்க வரவிருந்த லண்டன் மாப்பிள்ளையின் கறுப்புக் கண்ணாடியும் குளிர்ச்சட்டையும் மட்டுமே தெரிந்தன. நிருஷன் இரண்டு தரம் வாய் திறந்தான். கூச்சப்பட வேண்டாம் என்று அவர் தோளில் தட்டினார்.

உண்மையான மாப்பிள்ளை லக்ஷன் கிணற்றடியில் இருந்தான். சந்நிதி முருகனைக் கும்பிட்டு வரும் வழியில் வானின் ரயர் காற்றுப் போய்விட, வான் ஓட்டிவந்து வேட்டியோடு நின்ற நிருஷனை விலக்கிவிட்டுத் தானே மாற்றியிருந்தான். கிறீஸ் படிந்த சேட்டைக் கழற்றிப் பழைய ரீசேட்டோடு கை கழுவப் பின்பக்கம் போனவனை வான்காரன் என்றே எல்லோரும் எண்ணினார்கள். தவமலருடைய கப்பில் தேத்தண்ணி ஊற்றிக் கொடுக்கச் சொன்னாள் வீட்டுக்கார அம்மா நல்லம்மா. குசினிக்கு வெளியே கவிழ்த்து வைத்திருக்கும் பச்சைப் பிளாஸ்ரிக் கப். உடுப்புத் தோய்க்கும் கல்லில் இருந்து அவன் ருசித்துக் குடித்தான்.

ஹோலில் ரீவி ஓடிக்கொண்டிருந்தது. பழைய பகிடிப் படம். எசமானின் உடுப்பைப் போட்டுக்கொண்டு வேலைக்காரன் பெண் பார்க்கப் போகிறான். சிவசுப்பிரமணியம் வயிறு குலுங்கச் சிரித்தார்.

"படத்திலைதான் தம்பி உப்பிடி நடக்கும். நேரிலை எண்டால் முகத்தைப் பாத்த உடனை ஆள் ஆரெண்டு தெரிஞ்சிடும். உங்களைப் பாத்த உடனை நல்ல குடும்பமெண்டு எனக்கு விளங்கீட்டுது."

 போன தேருக்கு, தங்கள் ஆக்கள் தொடக்கூடாத வடத்தில் கைவைத்த தவமலரின் தங்கை மகனின் மோட்டார் சைக்கிள் விடியமுன் எரிந்து கிடந்தது. யார் செய்தது என்று ஊருக்கே தெரியும். ஒருவரும் வாய் திறக்கவில்லை. நிருஷனின் வான் முன்படலையில் நின்றது. அவனுக்கு இருப்பது அது ஒன்றுதான்.

பச்சைக் கப்போடு லக்ஷன் உள்ளே வந்தான். கதிரையையும் பேணியையும் பார்த்துவிட்டுச் சிரித்தான்.

"பெரிய பகிடியாப் போச்சு, அங்கிள். நான்தான் லக்ஷன். அவர் வான்கார நிருஷன்."

வேறு யாரும் சிரிக்கவில்லை. நிருஷன் பேணியை வைத்துவிட்டு எழுந்தான்.

"நீ ஆற்றை பெடியன்?" சிவசுப்பிரமணியத்தின் குரல் தணிந்திருந்தது.

பொய் சொல்லிவிட்டு அவன் போயிருக்கலாம். அதற்குள் தவமலர் பக்கக் கதவால் உள்ளே வந்தாள்.

"என்ரை மோன், ஐயா."

சிவசுப்பிரமணியம் யன்னலால் வெளியே பார்த்தார்.

"அப்ப உந்த வானும் இவன்ரையோ?"

 பேணியை இனி வீட்டுக்குள் எடுக்க வேண்டாம் என்றாள் நல்லம்மா. பிறகு தவமலரிடம் திரும்பி, "கதிரையைத் துடை. தம்பி இருக்கட்டும்" என்றாள்.

தவமலர் யன்னலடியில் விழுந்த துணியை எடுத்துவந்து துடைத்தாள். கையை, முதுகை, நாலு காலையும். லக்ஷன் நிருஷனைப் பார்த்தான், நிலத்தைப் பார்த்தான். பிறகு, பரவாயில்லை அன்ரி என்று முணுமுணுத்துக்கொண்டு ஈரம் காயாத கதிரையில் இருந்தான். கப் இன்னும் அவன் கையில் இருந்தது.

தவமலர் துணியைப் பிழியாமல் நின்றாள்.

"அம்மா, இந்தத் தம்பி குடிச்சது என்ரை கப்பிலை. இவர் எழும்பினாப் பிறகு திருப்பியும் துடைக்கட்டோ?"

ரீவியில் யாரோ விழுந்து விழுந்து சிரித்தார்கள். நல்லம்மாவின் பார்வை கப்பில் நின்றுவிட்டது. லக்ஷன் அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் இருந்தான்.

துணியைக் கதிரைக் கையில் போட்டுவிட்டு, மகனைக் கூட்டிக்கொண்டு தவமலர் முன்கதவால் இறங்கினாள். அந்தப் படிகளை அவள் கழுவியிருக்கிறாள். மிதித்து இறங்கியது இன்றுதான். திரும்பிப் பார்த்தபோது சிவசுப்பிரமணியம் போனைக் காதில் வைத்தபடி வானின் நம்பரை மெதுவாக வாசித்துக்கொண்டிருந்தார்.

வானின் பின் கதவைத் திறந்த மகனின் கையை விலக்கிவிட்டு அவள் முன்சீற்றில் ஏறி இருந்தாள்.