ஐந்து கடை, ஒரே விலை

...விலையைப் பேசி வைத்துக்கொண்டது குற்றமா, இல்லை அதைத் தீபாவளி வாழ்த்தோடு பத்திரிகையில் போட்டது குற்றமா, சீதாலெட்சுமிக்கு இன்னும் பிடிபடவில்லை, ஐந்து கம்ப்யூட்டர் கடைக்காரர்களும் வரிசையாகப் பல்லைக் காட்டிக்கொண்டு, நடுவில் அவள் பட்டுப்புடவையில், கீழே கொட்டை எழுத்தில் 'ஐந்து கடை, ஒரே விலை'... எந்தத் திருடனாவது திருடப்போவதைப் படம் போட்டு வாழ்த்துச் சொல்வானா? பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் ஒருவர் விலையை ஒருவர் வெட்டி எல்லோரும் மண்ணைக் கவ்விக்கொண்டிருந்த வருஷம் அது, கோயில் அன்னதானப் பந்தியில் கிள்ளான் கடை ரெங்கசாமி அண்ணன்தான் ஆரம்பித்தார், நம்ம ஆளுங்களே அடிச்சிக்கக் கூடாதுலா என்று, மற்றவர்கள் ரசத்துக்குக் கை நீட்டிக்கொண்டே தலையாட்டினார்கள், அவளும்தான்... இப்போது அவள் மட்டும் இந்த அரசாங்க அலுவலக வராந்தாவில் பெஞ்சைத் தேய்க்கிறாள். மற்ற நால்வரும் அவள் போய்ப் பேசட்டும் என்று அனுப்பிவிட்டார்கள், அவளுக்குத்தான் மலாய் நன்றாக வருமாம்.

உள்ளே அதிகாரி கார்த்திகேசு நல்ல பையன்தான், அக்கா அக்கா என்றுதான் கூப்பிட்டான், ஆனால் சொன்னதென்ன? "சேர்ந்து விலை வைக்கிறது தப்புக்கா, லைசென்ஸ கேன்சல் பண்ணலாமான்னு ஃபைல் டைரக்டர்கிட்ட போகுது, இன்னைக்கே முடிவாயிடும்." வேலை போய் வீட்டில் கிடக்கும் கணவன் தம்புசாமி, இரண்டு பிள்ளைகள், எல்லோருக்கும் சோறு அந்தக் கடையிலிருந்துதான்... அப்படியானால் எங்களுக்குச் சரக்குத் தரும் அந்தப் பெரிய கம்பெனி, என்று கேட்டாளே, தன் சாஃப்ட்வேர் போடாத கம்ப்யூட்டர் ஒன்று விற்றாலும் அடுத்த மாதம் சரக்கு கிடையாது என்று கழுத்தைப் பிடிக்கிறதே, அமெரிக்காவில் வேறொரு கம்பெனியை இதற்காகவே கோர்ட்டுக்கு இழுத்திருப்பதாகப் பேப்பரில் வருகிறதே, அது தப்பில்லையா? கார்த்திகேசு தலையைச் சொறிந்தான். "அது கம்பெனி பாலிசிக்கா. அவங்க ஒரே ஆளு, யாரோட சேர்ந்தாங்க?" ஒற்றை ஆள் ஊரையே வாயில் போட்டுக்கொண்டால் பாலிசி, ஐந்து பேர் பிழைக்கப் பார்த்தால் கூட்டுச்சதி... எரிச்சலாக வந்தது, அழுகையும் வந்தது. டைரக்டர் வெளியே வரட்டும், மூஞ்சிக்கு நேராகக் கேட்டுவிடுவது என்று மலாயில் வாக்கியங்களை அடுக்கி வைத்துக்கொண்டாள்.

கதவு திறந்தது. டைரக்டர் வந்தார், அவர் தோளில் கை போட்டபடி அதே கம்பெனியின் மேனேஜர், இரண்டு பேரும் சிரித்துக்கொண்டு, இவன் எதற்கு இங்கே, யார் கூப்பிட்டார்கள்... மேனேஜர் அவளைப் பார்த்துவிட்டான். "ஹலோ, பிரிக்பீல்ட்ஸ் மேடம், பிசினஸ் எப்படி?" "ஓகேலா, சார்," என்றாள். லிஃப்ட் வரை போய் அவனை ஏற்றிவிட்டு டைரக்டர் திரும்பினார், அவளைத் தாண்டி அறைக்குள் போனார், கார்த்திகேசு ஃபைலோடு பின்னால் போனான், கதவு சாத்திக்கொண்டது. அப்போதுதான் கவனித்தாள், அவள் பெஞ்சில் இல்லை, கைகளைக் கட்டிக்கொண்டு நிற்கிறாள். எப்போது எழுந்தாள்? காலையிலிருந்து எத்தனை அதிகாரிகள் தாண்டிப் போனார்கள், டைரக்டர்கூட ஒருமுறை போனார், அப்போதெல்லாம் உட்கார்ந்துதானே இருந்தாள்... அந்த மேனேஜருக்காக எழுந்து நிற்கச் சொன்னது யார்?