கண்ணு முழிச்ச மாதிரி ஒரு படம்

கரடி கண்ணைத் திறக்கவே இல்லை. பனிப்பாளத்தின் மேல் முன்னங்கால்களை மடக்கி, அவற்றின் மேல் தாடையை வைத்து, தனக்கு ஒரு வேலையும் இல்லை என்பதுபோலத் தூங்கியது. எங்கள் கப்பல் இன்ஜினை அணைத்துவிட்டுத் தள்ளி நின்றது. பேசக்கூடாது, சிரிக்கக்கூடாது, இருமல் வந்தால் அடக்கிக்கொள்ள வேண்டும். வருஷக்கணக்காகக் கல்யாண மண்டபங்களில் "மாப்ள, இங்க பாருங்க, பொண்ணு கொஞ்சம் சிரிம்மா" என்று கத்திப் பழகிய வாய் என்னுடையது. அதை மூடிக்கொண்டு நிற்பது குளிரைவிடப் பெரிய தண்டனையாக இருந்தது.

கேமரா கம்பெனி ஒன்று நடத்திய போட்டியில் எனக்குப் பரிசாக விழுந்த பயணம் அது. ஆரப்பாளையத்தில் ஸ்டுடியோ வைத்திருக்கும் அழகுராஜா வடதுருவத்துக்குப் போகிறான் என்று தெருவே சிரித்தது. கப்பலில் வந்தவர்கள் கரடி எழுந்து நிற்கும், நடக்கும், கொட்டாவியாவது விடும் என்று காத்துக் கிடந்தார்கள். அந்தப் பருவத்தில் அங்கே சூரியன் மறையாது, அதனால் ஒரு நாள் எப்போது முடிந்தது என்றும் தெரியாது. கால் மரத்து, முதுகு கழன்று, ஒவ்வொருத்தராக உள்ளே போய்விட்டார்கள். நான் தூங்குகிற கரடியையே எடுத்தேன். மூச்சுக்கு மூச்சு அதன் முதுகு மெல்ல ஏறி இறங்கியது. மூக்கின் மேல் பனித்தூள் விழுந்து உருகியது. நான் எடுத்ததிலேயே நல்ல படம் அதுதான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

கப்பலுக்கு சிக்னல் கிடைத்ததும் என் மனைவி பாண்டீஸ்வரி அனுப்பியிருந்த குரல் பதிவு வந்தது.

"மாமா, உங்க அப்பா போயிட்டாரு. உங்களப் பிடிக்கவே முடியல. இந்த வெயில்ல வச்சிருக்க முடியாதுன்னு உங்க அண்ணன் எடுக்கச் சொல்லிட்டாங்க."

அவர் போனது, கரடிக்கு முன்னால் நான் மூச்சை அடக்கிக்கொண்டு நின்ற அதே நாள்.

கப்பல், விமானம், இன்னொரு விமானம், பஸ் என்று மாறி மாறி, செக்கானூரணிக்கு மேற்கே இருக்கும் எங்கள் ஊருக்கு வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. உடம்பில் தூக்கமும் இல்லை, விழிப்பும் இல்லை. வாசலில் அண்ணன் பால்பாண்டி மொட்டைத் தலையோடு உட்கார்ந்திருந்தான். போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவன் எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டான். அதன் பிறகு நான் இருக்கும் பக்கம் அவன் திரும்பவே இல்லை. திட்டினால் வாங்கிக்கொள்ளலாம், இரண்டு அடி அடித்தால்கூடப் பட்டுக்கொள்ளலாம். பார்க்கவே மாட்டேன் என்பவனை என்ன செய்வது?

துக்கம் கேட்க வந்த சொந்தக்காரர்கள் கொஞ்சம் அழுதார்கள், மூக்கைச் சிந்தினார்கள், பிறகு கரடியைக் காட்டச் சொன்னார்கள். போனைக் கையில் கொடுத்தேன்.

"இம்புட்டுத் தூரம் போயி, தூங்குறதையா எடுத்துட்டு வந்த? ஒரு கல்ல விட்டெறிஞ்சா முழிச்சிருக்கும்ல" என்றார் பங்காளி முத்துக்கருப்பன். அவர் பக்கத்தில் இருந்த பெண் அது செத்த கரடியா என்று கேட்டாள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு எழுந்து கத்தியிருக்க வேண்டும், தெம்பில்லை. ஆமாம் என்று சொல்லிவிட்டுப் போனை வாங்கிப் பையில் போட்டேன்.

அம்மா மட்டும் கரடியைப் பற்றிக் கேட்கவில்லை.

"கருமாதிக்கு மால போட அப்பா படம் வேணும்யா. கண்ணு முழிச்ச மாதிரி ஒண்ணு போட்டுக் கொண்டா" என்றாள்.

சிக்கலே அங்கேதான். அப்பா பேயாண்டிக்குக் கேமரா என்றால் ஆகாது. படம் எடுத்தால் ஆயுசு குறையும் என்பார். அண்ணன் கல்யாணத்தில் எல்லோரும் மேடையில் நிற்க, அவர் பந்தியைப் பார்க்கிறேன் என்று நழுவிவிட்டார். போட்டோக்காரன் ஒருத்தனைப் பெற்றும் அவர் என் முன்னால் ஒருமுறைகூட நின்றதில்லை. நான் எடுத்தது எல்லாம் அவர் அசந்த நேரத்தில்: மோட்டார் ரூம் பக்கத்தில் கட்டிலில், வேப்பமர நிழலில், பஸ்ஸில் ஜன்னலோரம். எல்லாவற்றிலும் தூங்குகிறார். தூங்குகிற படத்துக்கு மாலை போட எந்த வீட்டிலும் சம்மதிக்க மாட்டார்கள். ஆதார் கார்டு படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். புள்ளி புள்ளியாக உடைந்து, போலீஸ் தேடுகிற ஆள் மாதிரி வந்தது.

மூடிய கண்ணைத் திறப்பது எங்கள் தொழிலில் சாதாரணம். குடும்பத்தில் யாராவது திடீரென்று இறந்துவிட்டால், பிணத்தை உட்கார வைத்து எடுத்த படத்தைக் கொண்டுவந்து, "கண்ண மட்டும் தொறந்து குடுங்கண்ணே" என்பார்கள். வேறு ஒருவர் கண்ணை வெட்டி ஒட்டி, நிழலைச் சரிசெய்து கொடுத்துவிடுவேன். அழுதுகொண்டே வாங்கிப் போவார்கள். அப்பாவுக்கும் அப்படித்தான் செய்தேன். வேப்பமர நிழல் படத்தை எடுத்து, ஸ்டுடியோ கம்ப்யூட்டரில் கிடந்த யாரோ ஒரு பெரியவரின் கண்ணை வைத்து, பிரிண்ட் போட்டு ஊருக்குக் கொண்டுபோனேன்.

அம்மா படத்தைக் கையில் வாங்கியதுமே திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

"யாரு கண்ணுடா இது? வட்டிக்காரன் மாதிரி முழிக்கிறாரு. என் புருசன் இப்படி யாரையும் பாத்ததில்ல."

"வேற கண்ணுக்கு நான் எங்க போவேன்மா?"

"எங்கயும் போக வேணாம். அவரு கண்ணு அப்படியே உங்க அண்ணன்கிட்ட இருக்கு. அவன எடு."

என் முகம் அம்மா ஜாடை, என் கண் உதவாது. அண்ணனைத்தான் உட்கார வைக்க வேண்டும். என்னைப் பார்க்காதவனை என் கேமராவைப் பார்க்க வைக்க வேண்டும். அது நடக்காவிட்டால் கருமாதி அன்று ஆதார் படத்துக்குத்தான் மாலை. அப்பாவுக்குக் கடைசியாக நான் செய்ய முடிந்த ஒரே காரியமும் கெட்டுப்போகும்.

அம்மா சொன்னதால் மறுநாள் காலை அண்ணன் வந்து முற்றத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தான். கைகளை முட்டி மேல் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தான். நான் கேமராவைத் தூக்கினேன். தரையைப் பார்த்தான். வெளிச்சம் சரியில்லை என்று நாற்காலியை நகர்த்தச் சொன்னேன். நகர்த்திவிட்டு மாட்டைப் பார்த்தான்.

"அண்ணே, இங்க பாரு."

ஊரில் எத்தனை பேரிடம் சொன்ன வார்த்தை! என் வாயில் அது அவ்வளவு கனமாக ஒருநாளும் வந்ததில்லை. அவன் நிமிர்ந்தான். லென்ஸ் வழியாக அவன் கண் நேராக என் கண்ணுக்கு வந்தது. அப்பாவின் கண்ணேதான். ஆனால் அதில் எரிந்த கோபத்தைப் பார்த்ததும் என் விரல் பட்டனில் இறங்கவில்லை.

"கோவமா பாக்காதண்ணே. படத்துல அப்படியே வந்துரும்."

"கோவமில்லாம எப்பிடிடா பாக்கச் சொல்ற?" ஊருக்கு வந்ததிலிருந்து என்னிடம் அவன் பேசிய முதல் பேச்சு அது. "அவரு மூச்சு நின்னப்ப கண்ணு மூடல. வாசலப் பாத்தமானிக்கே இருந்துச்சு. யாரப் பாத்துச்சுன்னு உனக்குத் தெரியுமா? நாந்தான் இந்தக் கையால இழுத்து மூடுனேன். மூட மாட்டேங்குது. ரெண்டு வாட்டி மூடுனேன். இப்ப நீ வந்து தொறக்கணுங்குற."

நான் கேமராவை முகத்திலிருந்து எடுக்கவில்லை. எடுத்தால் அவனை நேராகப் பார்க்க வேண்டும். அடுப்படி வாசலில் அம்மா வந்து நின்றாள்.

"ஒத்தையா நின்னு எல்லாத்தையும் செஞ்சேன்டா" என்றான். குரல் உடைந்துவிட்டது. துண்டை எடுத்து முகத்தை அழுத்தித் துடைத்தான். துடைத்துவிட்டு, நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, மறுபடியும் என்னைப் பார்த்தான். கோபம் இல்லை. அசதிதான் இருந்தது, என்னிடம் இருந்த அதே அசதி.

"ம், எடு."

எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. கண் நிறைந்து, அவன் முகம் கலங்கலாகக் கிடந்தது. சட்டைக் கையால் துடைத்தேன், மறுபடியும் நிறைந்தது.

"எடுத்துட்டியா?"

"இல்லண்ணே. தெரிய மாட்டேங்குது."

அவன் அசையவில்லை.

"நிதானமா எடு. நான் இங்கனதான் உக்காந்திருக்கேன்."