தாய்மாமன் கட்டிய குடிசை

என்னைப் பெற்றவள் போரில் செத்தாள். வளர்த்தவள் அன்னாள். அவளையும் நான் இழந்தேன் என்றால் அதற்கு அவளுடைய முறை பார்க்கும் புத்திதான் காரணம். இன்றும் கோபத்தோடுதான் சொல்கிறேன்.

வன்னியில் குண்டு விழுந்துகொண்டிருந்தபோது, கைக்குழந்தையான என்னை யாரோ படகில் ஏற்றிவிட்டார்கள். அகதி முகாமிலிருந்து போடிமெட்டுக்கு ஏலக்காய் பறிக்க வந்த ஒருத்தி, பிள்ளையில்லாத அன்னாளிடமும் செபாஸ்டினிடமும் என்னை விட்டுப் போனாள். ஞானஸ்நானம் கொடுத்து சோனா என்று பெயர் வைத்தார்கள். கேட்டவர்களிடம் பெற்ற பிள்ளை என்றே சாதித்தார்கள்.

நான் வயதுக்கு வந்ததும் அம்மாவுக்குத் தூக்கம் போனது. பச்சை ஓலைக் குடிசையைத் தாய்மாமன்தான் கட்ட வேண்டும். அவளுக்கோ கூடப்பிறந்தவன் இல்லை.

"பேருக்கு ஒருத்தன நிப்பாட்டுவோம்," என்றார் அப்பா.

"மாமன் சீர் இல்லாம சடங்கு செஞ்சா பிள்ளைக்கு ஆகாது," என்றாள் அம்மா. " பெத்தவளுக்கு அண்ணன் தம்பி இருந்தா வரட்டும். சீர் செய்வாரு, சாப்பிடுவாரு, போயிருவாரு."

என்னை விட்டுப் போனவளின் முகாமுக்குச் சொல்லி அனுப்பினாள். என்னைத் தேடி அலைந்துகொண்டிருந்த மனிதருக்குத் தானே வழி காட்டினாள்.

பெற்றவளின் தம்பி அருள்குமார், சென்னைப் பக்கத்து முகாமிலிருந்து வந்தார். அப்பாவின் வெட்டுக்கத்தியை வாங்கி, ஓலை வெட்டி, பேசாமல் குடிசை கட்டினார். பட்டுப்பாவாடையைத் தட்டில் வைத்து நீட்டினார். நான் உடுத்தி வந்து குடிசையில் உட்கார்ந்ததும் சொன்னார்.

"நீங்கள் செய்த உதவியைச் சாகுமட்டும் மறக்கமாட்டன். தர்சினியைக் கூட்டிக்கொண்டு போக வந்தனான்."

தர்சினி நான்தானாம். அப்போதுதான் எனக்கே தெரியும்.

அப்பா முதலில் சீர்த்தட்டை உதைத்தார். அடுத்து மாமாவை உதைத்தார். மாமாவும் லேசுப்பட்டவர் இல்லை. அப்பாவின் தலையைப் பிடித்துக் குடிசைக் கம்பில் மோதினார். அப்பா பல்லைத் துப்பினார். அம்மா விறகுக் கட்டையால் மாமாவின் முதுகில் அடித்தாள். அடிக்கு ஒருமுறை "எம் புள்ள" என்றாள். குடிசை சரிந்து எங்கள்மேல் விழுந்தது. ஓலைக்குள் மாமா என் மணிக்கட்டைப் பிடித்தார். அம்மா மறுகையை இழுத்தாள். தோள் பிய்ந்துவிடும்போல அலறினேன். இருவரும் விடவில்லை. அப்பா கத்தியை எடுத்து, மாமாவின் கையில் வெட்டினார்.

இரண்டு விரல்கள் என் புதுப் பாவாடையில் விழுந்தன.

போடி ஆஸ்பத்திரிக்குப் போலீஸ் வந்தது. மாமா வாய் திறந்தால் அப்பா ஜெயிலில்தான் கிடப்பார். நான் முந்திக்கொண்டு மாமாவின் காதருகே குனிந்தேன்.

"அப்பாவக் காட்டிக் குடுக்காதீங்க. நான் உங்ககூட வாரேன்."

மாமா என்னையே பார்த்தார். பிறகு போலீஸிடம் சொன்னார்: "குடிசை சரிஞ்சு கத்தி கையில விழுந்திட்டுது."

அவர் பொய் சொல்லிக் காப்பாற்றியதிலும் எனக்கு ஆத்திரம்தான் வந்தது. இனி நானும் சொன்ன சொல்லைக் காப்பாற்ற வேண்டுமே.

நான் கொடுத்த வாக்கைக் கேள்விப்பட்டு, மறுநாள் அம்மா என் துணிப்பையோடு ஆஸ்பத்திரிக்கு வந்தாள். பட்டுப்பாவாடையைத் துவைத்து மடித்திருந்தாள், கறை போகவில்லை. மீன்குழம்பும் சோறும் கொண்டுவந்திருந்தாள். சீர் செய்த மாமன் சாப்பிடாமல் போகக் கூடாதாம். அவர் வலது கையில் கட்டு இருந்ததால் அவளே பிசைந்து ஊட்டினாள். கண்ணீர் வழிந்ததை அவள் துடைக்கவும் இல்லை.

"இவளுக்கு மீன் முள்ளெடுக்கத் தெரியாது," என்றாள். "நான்தான் எடுத்துக் குடுப்பேன். இனி நீங்க எடுத்துக் குடுக்கணும்."

மாமா கட்டுப் போட்ட கையைப் பார்த்தார்.